அண்ணனிடம் மிஞ்சிய சொல்

என் அண்ணன் பேசிப் பிழைத்தவர். மருந்துக் கம்பெனி ரெப். தோல் பையோடு டாக்டர் அறைக்கு வெளியே காத்துக் கிடந்து, உள்ளே கூப்பிட்டதும் கிடைக்கிற சொற்ப நேரத்தில் ஒரு மாத்திரையின் பெருமையைச் சொல்லிவிட்டு வரவேண்டும். கொஞ்ச காலம் அவருக்குத் திருச்சூர் பக்கம் வேலை போட்டிருந்தார்கள். மலையாளத்தை அங்கே கற்றுக்கொண்டார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்தான் அண்ணி. கல்யாணப் பேச்சை எடுத்ததும் அம்மா அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். பல மாதம் கழித்து ஒருநாள், யாரும் கேட்காமலே, கடைத்தெருவுக்குப் போய் மருமகளுக்குப் புடவை எடுத்து வந்தாள். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்விட்டார். என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். 2004இல் அண்ணாமலை நகரில் மொழியியல் எம்.ஏ. சேர்ந்தேன். மொழியியல் என்றால் என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். "டாக்டருங்க உடம்பைப் பாக்கறாங்க இல்ல, அந்த மாதிரி இவ பேச்சைப் பாப்பா" என்பார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு வந்த சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டார்.

"என்னா தலைப்பு குடுத்திருக்காங்க?"

"வேணும், முடியும், கூடாது, லாம். இந்தச் சொல்லெல்லாம் தமிழ்ல, மலையாளத்துல, இந்தில, இங்கிலீஷ்ல எப்படி எப்படி வேலை செய்யுதுன்னு."

"இதுக்குப் போயி டாக்டர் பட்டமா?"

"ஏன், உனக்குத் தெரியுமா? 'போகலாம்'னா என்னா அர்த்தம், சொல்லு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நான் கேட்டா நீ பர்மிஷன் குடுக்கறது. கூட ஒருத்தர் இருந்தா 'வா, கெளம்புவோம்'. தூரத்துல இருக்கறவனைப் பத்திச் சொன்னா, 'போனாலும் போவான்'." விரலை நக்கிவிட்டுச் சொன்னார்: "டாக்டர் கிட்ட 'இந்த மாத்திரைய எழுதணும் சார்'னு சொல்லிப் பாரு, வெளிய அனுப்பிடுவாரு. 'எழுதலாம் சார்'னு சொன்னா எழுதுவாரு. என் பொழப்பே அந்த லாம்லதான் ஓடுது."

அந்த வருஷம் முழுக்க அவரும் அண்ணியும்தான் எனக்கு மலையாளத்துக்கு உதவினார்கள். வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். எதையாவது கேட்பேன், இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். தமிழில் 'என்னால முடியாது' என்கிறோம், ஏதோ என் வழியாக நடக்க வேண்டிய காரியம் நடக்காததுபோல. அண்ணி 'எனிக்குப் பற்றில்ல' என்பார், எனக்கு ஆகவில்லை என்பதுபோல. இங்கிலீஷ்காரன் 'ஐ கான்ட்' என்று 'நானை' முன்னால் நிறுத்திவிடுகிறான். "அவனுக்குத்தான் திமிரு ஜாஸ்தி" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்வார். கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றையும் அப்போது சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று அம்மா கேட்க, அண்ணி 'வேண்ட' என்றாராம். அவர் ஊரில் அது சாதாரணம். நம் காதுக்கு அது வெட்டிவிட்ட மாதிரி விழுகிறது. அம்மா உள்ளே போய் அழுதிருக்கிறாள். 'வேண்டாம்' என்பதில் ஒரு 'ஆம்' குறைந்ததற்கு அவ்வளவு அழுகை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அண்ணி மடியில் அப்போது கைக்குழந்தை. பெண்.

2007இல், மழைக்காலம் தொடங்கும் சமயம், ஒரு காலை அண்ணன் கண்ணாடி முன்னால் ஷேவ் செய்துகொண்டிருந்தார். ரேசர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. அம்மா வழுக்கிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அண்ணி முகத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கார் வைத்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நான் சிதம்பரத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே வைத்திருந்தார்கள். டாக்டர் இங்கிலீஷில் பேசினார். 'மே' என்றார், 'குட்' என்றார், 'மைட்' என்றார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"பொழைக்கலாமாம்மா. பேச்சு வராமப் போகலாமாம்."

டாக்டர் தன் சந்தேகத்துக்கு மூன்று சொல் வைத்திருந்தார். மூன்றும் என்னிடம் ஒரே 'லாம்' ஆகிவிட்டன. எது பெரிய நம்பிக்கை, எது சின்ன நம்பிக்கை என்று அம்மாவுக்குப் பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவள் கேட்டதெல்லாம், "பொழைப்பான் இல்ல?" என்பதைத்தான்.

பிழைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. வலது கையும் காலும் கனத்துப் போயின. ஒரு மாதத்துக்குச் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள், அண்ணி கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டும்போது, தெளிவாக ஒரு சொல் வந்தது.

"வேணும்."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அண்ணி ஸ்பூனை வாயருகே கொண்டுபோனார். அண்ணன் இடது கையால் அதைத் தள்ளிவிட்டு, மறுபடி "வேணும்" என்றார். கஞ்சி போர்வையில் கொட்டியது.

அன்றிலிருந்து அந்த ஒரு சொல்தான். தண்ணீர் கேட்க அதுவே, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவும் அதுவே. ஃபேனைப் போடச் சொல்ல, நிறுத்தச் சொல்ல, பசியைச் சொல்ல, கோபிக்க, குழந்தையைக் கொஞ்ச எல்லாவற்றுக்கும் அதுவே. ஆனால் ராகம் மாறும். கேள்வியாக இழுப்பார், கெஞ்சலாகக் குழைவார், எரிந்து விழுவார். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் யாரோ முழு வாக்கியம் பேசுவதுபோலவே இருக்கும். பழைய சினிமாப் பாட்டை ரேடியோவில் போட்டால் கூடவே நாலு வரி சொற்களோடு பாடுவார். பாட்டு நின்றதும் சொற்களும் போய்விடும்.

சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கடலூர் வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணாமலை நகருக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்தோம். நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அவர்களோடு வந்துவிட்டேன். அண்ணிக்கு அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் படம் போட்ட அட்டைகளை வரிசையாக வைப்பார். பசு, குடை, கதவு. அண்ணன் சரியான அட்டையை விரலால் தொட்டுவிட்டு, "வேணும்" என்பார். அந்தப் பெண் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மாதிரி ஆனவுங்க நெறைய பேருக்கு ஒரு சொல்லுதான் மிஞ்சும். சில பேருக்கு 'முடியாது'. சில பேருக்கு ஒரு கெட்ட வார்த்தை. அது தானா வர்றது. அவர் சொல்ற 'வேணும்' நீங்க சொல்ற 'வேணும்' இல்ல. அதுல அர்த்தம் தேடாதீங்க. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க."

அது சரியான அறிவுரை. ஆனால் என்னால் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. பகலெல்லாம் லைப்ரரியில் உட்கார்ந்து 'வேண்டும்' என்ற வினையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு முகமுள்ள சொல். 'எனக்குத் தண்ணி வேணும்' என்றால் ஆசை. 'நான் போகணும்' என்றால் கடமை. ஆசைக்கு 'எனக்கு' வருகிறது, கடமைக்கு 'நான்' வருகிறது. அந்த முன்சொல்லை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறோம். இந்தியின் 'சாஹியே' இதே வேலையைச் செய்கிறது, ஆனால் இரண்டு இடத்திலும் 'எனக்கு' என்ற பொருளில் 'முஜே' என்றே நிற்கிறது. இங்கிலீஷ் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கா, நானா என்று கேட்கும் இடமே அவரிடம் இல்லை.

குழந்தை அந்த வீட்டில்தான் பேச ஆரம்பித்தாள். அவளுடைய முதல் சொற்களில் ஒன்றும் 'வேணும்'தான். எந்தப் பிள்ளைக்கும் அதுதானே. கொஞ்ச நாள் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சொல்லையே பந்து மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவள் "வேணும்?" என்பாள். அவர் "வேணும்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு குழந்தைக்கு 'வேணாம்' வந்தது. ஒருநாள் குளிப்பாட்டக் கூப்பிட்டபோது 'மாட்டேன்' என்றாள். நம் மொழியில் 'வேணும்', 'கூடாது' எல்லாம் யார் சொன்னாலும் ஒரே மாதிரி இருப்பவை. 'மாட்டேன்' அப்படி இல்லை. அதற்குள்ளேயே 'நான்' இருக்கிறது. குழந்தை சோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைச் சொன்னபோது அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வாயைக் குவித்து ஏதோ முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது "வேணும்" மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டில் அவர் சேரவில்லை. குழந்தை கேட்டுப் பார்த்துவிட்டு, அவர் பேசாமல் இருக்கவே, வேறு பக்கம் ஓடிவிட்டாள்.

என் நெறியாளர் நல்ல மனிதர். விஷயம் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார். சில வாரம் கழித்து, தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுலயே இப்படி ஒரு தரவு இருக்கு. நீங்க அதைப் பதிவு பண்ணலாம்" என்றார். நான் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துறையில் வாங்கி வந்த ரெக்கார்டரை அண்ணன் முன்னால் வைத்து, "உன் பேச்சைப் பதிவு பண்ணட்டுமா?" என்று கேட்டேன். அவர் அதைப் பார்த்தார். இடது கையால் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

பிறகு டாக்டர் அறைக்குள் நுழைந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்தி ஒரு வணக்கம். "வேணும்." பையைத் திறக்கிற பாவனை, மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜையில் வைக்கிற பாவனை. "வேணும், வேணும்." விரல் நுனியால் ஒவ்வொரு குணமாகச் சுட்டிக்காட்டி விளக்கம். டாக்டர் ஏதோ குறுக்கே கேட்டது போல நிறுத்தி, புன்னகைத்து, சமாதானமாக ஒரு பதில். அத்தனையும் அந்த ஒரு சொல்லில். அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று சிரித்தார், அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வருஷங்கழித்து அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அண்ணன் கடைசியாக எழுந்து விடைபெறுவதுபோல நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். எழ முடியவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ரெக்கார்டரை நிறுத்தினேன். அந்தப் பதிவை நான் எழுத்தாக்கவே இல்லை. ஆய்வேட்டில் 'வேண்டும்' பற்றி ஒரு முழு இயல் இருக்கிறது. அதில் அவர் இல்லை.

2009இல் அண்ணிக்குக் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. கூடப் படித்தவர்கள் பலர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வீட்டில் அப்போது நாங்கள் எல்லோரும் அவருடைய ஒரு சம்பளத்தில்தான் இருந்தோம். போகாமல் இருப்பதற்கும் காரணம் இருந்தது, போவதற்கும் காரணம் இருந்தது. "அவனைக் கேட்டுக்க" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அண்ணி அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் அடுத்த அறையில் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அண்ணி முதலில் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். எந்த ஊர், எத்தனை வருஷம், யார் பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் கேட்டார். அவருக்குப் புரியும், புரிவதில் பெரிய குறை இருக்கவில்லை. பிறகு அண்ணி தன் மொழியில் கேட்டார்.

"சேட்டா, ஞான் போட்டே?"

நான் போகட்டுமா என்று அர்த்தம். நம் 'போகட்டுமா' போலவே அதுவும். முடிவை எதிராளியின் கையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற கேள்வி.

"வேணும்" என்றார் அண்ணன்.

அண்ணி கொஞ்சம் பொறுத்து, தமிழில் கேட்டார். "நான் போகணுமா?"

"வேணும்."

"போக வேண்டாமா?"

"வேணும்."

குரல் மூன்று தடவையும் ஒரே மாதிரி இருந்தது. மெதுவாக, அழுத்தமில்லாமல். எப்போதும் ராகத்தில் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடுகிற மனிதர், அன்றைக்கு ராகத்தையும் எடுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் இருந்தது. அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நோய்க்குப் பிறகு அவருக்குச் சிரித்தாலும் கண்ணீர் வரும்.

அண்ணி எழுந்து நான் இருந்த அறைக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை.

"மோளே, நீ இதைத்தானே படிக்கிற. சொல்லு. போகணும்னு சொன்னாரா, நான் வேணும்னு சொன்னாரா?"

பின்னலைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். 'நீ எனக்கு வேணும்' என்றாலும் மிஞ்சுவது அந்தச் சொல்தான். 'நீ போக வேணும்' என்றாலும் மிஞ்சுவது அதேதான். பயிற்சி கொடுத்த பெண் சொன்னதுபோல, இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.

"என்னால சொல்ல முடியல அண்ணி. படிச்சதுல இதுக்கு வழி இல்ல."

அவர் கோபப்படவில்லை. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, "சரி" என்றார். "அவர் என்ன சொல்லியிருந்தாலும், முடிவு பண்ண வேண்டியது நான்தான். அவர் மேல போட்டுட்டுப் போக மாட்டேன்."

போனார். கிளம்புகிற அன்று பெட்டி மூடவில்லை. துணி ஜாஸ்தி. அண்ணி முழங்காலால் அழுத்திப் பார்த்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து இடது கையை நீட்டிப் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார், அண்ணி ஜிப்பை இழுத்தார். மூடியதும் அவர் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அண்ணி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து இருந்தார். கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

அதற்குப் பிறகு போன்தான். வெள்ளிக்கிழமை அண்ணிக்கு விடுமுறை. ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் பக்கத்தில் வைப்போம். அண்ணி மலையாளத்தில் வாரம் முழுக்க நடந்ததைச் சொல்வார். அங்கங்கே அண்ணன் "வேணும்" என்பார். உம் கொட்டுவதுபோல இருக்கும். குழந்தை எல்.கே.ஜி. போனாள். அம்மா அவளையும் பார்த்துக்கொண்டு, மகனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு வளைய ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பயிற்சி கொடுத்த பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அட்டைகளை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

2011, வெயில் காலம். துறையில் உட்கார்ந்து இந்தி உதாரணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்க அண்ணன் வேற சொல்லு சொன்னான்டி. நெஜமா. ரெண்டு தடவ சொன்னான்."

"என்னா சொன்னான்?"

"'முடியல'ன்னான்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு வருஷத்தில் இரண்டாவது சொல். எதிர்மறை இருக்கிறது, காலம் இருக்கிறது. 'முடியாது' கூட இல்லை, 'முடியல'. என் மனம் அந்த வழியில்தான் போனது, அது எனக்குப் பழகிவிட்டது. அம்மா அதற்குள் அண்ணிக்கும் மிஸ்டு கால் கொடுத்திருந்தாள். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தேன். வழியிலேயே அண்ணி கூப்பிட்டார். அவர் குரலில் சந்தோஷமே இல்லை.

"அம்மா சொன்னாங்க. எங்க இருக்க? அவர் எங்க கை வெச்சிருக்கார்னு பாரு. வேர்க்குதான்னு பாரு. கார் கூப்பிடு, நான் லைன்ல இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் 'முடியல' என்றால் உடம்பு சரியில்லை என்றுதானே அர்த்தம். இங்கிலீஷிலோ இந்தியிலோ 'இயலவில்லை' என்ற சொல்லை மட்டும் சொன்னால் நோய் என்று புரிந்துகொள்வார்களா, தெரியவில்லை. நாம் புரிந்துகொள்வோம். அவர் அதை நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில் கையைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். உடனே சேர்த்தோம். மாரடைப்பு, காலையிலிருந்தே வந்திருக்கும், முன்னால் கொண்டுவந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். அன்று ராத்திரி தாண்டினார், மறுநாள் தாண்டவில்லை. இடையில் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னா வேணும் சாமி, என்னா வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எதுவும் சொல்லவில்லை. 'வேணும்' கூடச் சொல்லவில்லை.

அண்ணி வந்து சேரும்வரை வைத்திருந்தோம். விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். அழுதார், ஆனால் சத்தமில்லாமல், வேலை செய்துகொண்டே. அவரைத் துடைத்து, தலை வாரி, சட்டை மாற்றியது எல்லாம் அண்ணிதான். நர்ஸின் கை, அதற்குப் பழக்கம் இருந்தது.

சிதம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பினோம். அண்ணி விடுப்பு முடிந்து போக வேண்டியிருந்தது. போவதற்கு முன்னால் ஒரு மாலை, குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் சில்வர் பீச்சுக்குப் போனோம். குழந்தை ஈர மணலில் கால் பதித்துப் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி தானாகவே சொன்னார்.

"அங்க சில நாள் வார்டுல ஒண்ணும் பிரச்சன இருக்காது. ரூமுக்கு வந்து படுப்பேன். அப்ப 'போகணும்'னுதான் சொன்னார்னு நெனப்பேன். சில நாள் யாராவது செத்துப் போவாங்க. அன்னிக்கு 'நீ எனக்கு வேணும்'னு சொன்னார்னு தோணும். ரெண்டையும் வெச்சுக்கிட்டேன். ஒண்ணை மட்டும் வெச்சிருந்தா இருந்திருக்க முடியாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டும் முன் கிளம்பிவிட்டோம்.

அந்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் தென்னைகள் சாய்ந்தன. அண்ணாகிராமம் பக்கம் சொந்தக்காரர்களுக்கு முந்திரியும் பலாவும் மிச்சமில்லாமல் போயின. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் இல்லை. குவைத்தில் அண்ணி டி.வி.யில் கடலூரைப் பார்த்துவிட்டு யாரோடும் பேச முடியாமல் தவித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். 2012 கோடை விடுமுறையில், வேலையை விட்டுவிட்டு வந்தார். திருச்சூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருந்தது. மகளை அங்கே தன் அம்மா வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதாகச் சொன்னார். எங்கள் அம்மாவையும் வரச் சொன்னார், மனசாரத்தான் கூப்பிட்டார். அம்மா, "நான் இங்கியே இருக்கேன்மா" என்றாள். எனக்குக் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது, தினம் போய் வருகிற தூரம்தான்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டோம். விழுப்புரம் போய் வேறு ரயில் மாற வேண்டும். குழந்தைக்கு ரயில் ஏறுகிற சந்தோஷம். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டினாள். அம்மா ரயில் போன பிறகும் அது போன திசையைப் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் யாரோ துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தே போகலாம் என்றாள். கெடிலம் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் கேட்டாள்.

"அங்க போனா கொழந்த மலையாளம்தானே பேசுவா?"

"பேசுவா. தமிழும் பேசுவாம்மா."

"அவுங்க ஊருல 'சாப்ட்டியா'ன்னு எப்படிக் கேப்பாங்க?"

"'கழிச்சோ'ம்பாங்க."

அம்மா முகத்தைச் சுளித்தாள். "சாப்பாட்டுக்கா அப்படிக் கேப்பாங்க?"

"அவுங்க ஊருல அதுதாம்மா."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன, பாலம் அதிர்ந்தது. நான் அவளைக் கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்த்திவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். வீட்டுத் தெரு திரும்பும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் அப்படிக் கேட்டா, அவ என்னா பதில் சொல்லுவா? அது எனக்குப் புரியுமா?"